தபாலில் வந்த துப்பாக்கியும் கிடைக்காத படுக்கையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இளையோர் மனநலம் பற்றிப் பேச வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. அதற்குள் எதைப் பேசுவது என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். நான் மருத்துவன் அல்லன். பொதுச் சுகாதாரம் குறித்துப் பத்திரிகைகளில் எழுதிவருபவன். அமெரிக்காவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர் சற்றுத் தயங்கினார். இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய பேரப்பிள்ளைகள் டாலஸிலும் எடிசனிலும் பள்ளிக்குப் போகிறார்கள். கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, மூலையில் மூச்சுக் காட்டாமல் உட்காரும் பயிற்சி அந்தக் குழந்தைகளின் பள்ளி நாளில் ஒரு பகுதி. அப்படியொரு பயிற்சி தேவைப்படுகிற நாட்டில், தன் மனம் தன் வசத்தில் இல்லை என்று உணர்கிற பையனுக்கு என்ன உதவி, எத்தனை நாளில், என்ன விலைக்குக் கிடைக்கிறது? அதே பையனுக்குத் துப்பாக்கி எத்தனை நாளில், என்ன விலைக்குக் கிடைக்கிறது? இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதுதான் என் நோக்கம்.

ஜனாதிபதி கென்னடியைச் சுட்டுக்கொன்ற லீ ஹார்வி ஆஸ்வால்டின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவனுடைய பதின்மூன்றாவது வயது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. 1952இல் தாயோடு டெக்சாஸிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவன். பள்ளிக்குப் போகாமல் சுற்றினான். ஒருமுறை பிராங்க்ஸ் மிருகக்காட்சிச் சாலையில் பிடிபட்டான். 1953 ஏப்ரலில் நீதிமன்றம் அவனைச் சிறார் காப்பகத்துக்கு அனுப்பியது. மூன்று வாரம் அங்கே இருந்தான். மனநல மருத்துவர் ரெனேட்டஸ் ஹார்டாக்ஸ் அவனைப் பரிசோதித்தார். பையனுக்குக் குழந்தைகள் மனநல மையத்தில் சிகிச்சை வேண்டும், தாய்க்கும் ஆலோசனை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவனோடு பேசிய சமூகப் பணியாளர், அன்புக்கு ஏங்கிக் காய்ந்துபோன பிள்ளை, ஆனாலும் பழக இனிமையானவன் என்ற பொருளில் குறித்து வைத்தார்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். கென்னடி கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தின் அறிக்கை அதைப் பதிவுசெய்திருக்கிறது. அவனுக்குத் தேவைப்பட்ட அளவு தீவிர சிகிச்சை தரும் வசதி நியூயார்க்கிலேயே வெகு சில அமைப்புகளிடம்தான் இருந்தது. கடைசியில் ஒரு மையம் இடம் ஒதுக்கியபோது, என்ன காரணத்தாலோ, அந்த வாய்ப்பு பயன்படுத்தப்படவில்லை. 1954 ஜனவரியில் தாய் அவனை அழைத்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டார். கோப்பு அத்தோடு மூடப்பட்டது.

சிகிச்சை கிடைத்திருந்தால் கென்னடி பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது ஜோசியம். 1963 மார்ச்சில் அதே ஆள் பொய்ப் பெயரில் சிகாகோக் கடை ஒன்றுக்கு எழுதிப்போட்டு ஒரு துப்பாக்கியை வரவழைத்தான். தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட். அனுப்பும் செலவு ஒன்றரை டாலர். சிகிச்சை பல மாதம் தேடியும் அமையவில்லை, துப்பாக்கி தபால் பெட்டிக்கே வந்து சேர்ந்தது. இந்த அளவுக்கு மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1963 அக்டோபர் 31இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் சமூக மனநல மையங்களுக்கானது. தங்கை ரோஸ்மேரிக்கு 1941இல் நடந்த மூளை அறுவையின் துயரம் அந்தக் குடும்பத்துக்குள் இருந்தது. அதுவும் அவரை இந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். பெரிய மனநல விடுதிகளில் அடைத்து வைப்பதை விட்டுவிட்டு, ஊருக்கு ஊர் மையம் அமைத்து, வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறச் செய்வது திட்டம். சுமார் 1,500 மையங்கள் கட்டுவதாகப் பேச்சு. கையெழுத்திட்ட 22ஆம் நாள் அவர் டாலஸில் சுடப்பட்டார்.

விடுதிகளைக் காலி செய்யும் பாதித் திட்டம் மட்டும் மும்முரமாக நடந்தது. 1955இல் அரசு மனநல மருத்துவமனைகளில் 5,58,000 பேர் இருந்தார்கள். இன்று அங்கே மிஞ்சியிருக்கும் படுக்கைகள் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த விடுதிகளில் பல கொடுமையானவை, மூடியது சரியே. ஆனால் அவற்றுக்குப் பதிலாக வர வேண்டிய மையங்களில் ஏறக்குறைய பாதிதான் கட்டப்பட்டன. கட்டியவற்றுக்கும் நிலையான நிதி இல்லை. 1980இல் ஜனாதிபதி கார்ட்டர் இந்தக் குறையைச் சரிசெய்ய ஒரு சட்டம் கொண்டுவந்தார். மறு ஆண்டு மார்ச் 30இல், பதவிக்கு வந்து எழுபது நாள்கூட ஆகாத ஜனாதிபதி ரீகனை ஜான் ஹிங்க்லி என்ற 25 வயது இளைஞன் சுட்டான். டாலஸ் அடகுக் கடையில் வாங்கிய கைத்துப்பாக்கி. ரீகன் உயிர் பிழைத்தார். அதே ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்ட வரவு செலவுச் சட்டம், கார்ட்டரின் மனநலச் சட்டத்தைப் பெருமளவு துடைத்துப் போட்டது. மையங்களுக்கு நேராகப் போன பணம் குறைக்கப்பட்டு மொத்த மானியமாக மாநிலங்களிடம் தரப்பட்டது.

ஹிங்க்லி வசதியான வீட்டுப் பிள்ளை. சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தவன். இதை மறைத்துவிட்டுப் பேசினால் என் வாதம் நொண்டியாகிவிடும். பணம் இருந்தாலும் மருத்துவம் தோற்கலாம். தோற்கிற இடத்தில் கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் மீதிக் கேள்வி.

சரி, இன்றைக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு தாய் தன் பதினைந்து வயது மகன் மூன்று வாரமாக அறையை விட்டு வெளியே வரவில்லை, செத்துப்போகலாம் என்று பேசுகிறான் என்று கண்டால் என்ன செய்வார்? காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் மருத்துவர்கள் பட்டியலை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழைப்பார். ஒன்று உபயோகத்தில் இல்லாத எண். இன்னொருவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஒருவர் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. மற்றொருவர் எந்தக் காப்பீட்டையும் ஏற்பதில்லை, ரொக்கம்தான். ஒரு மணி நேர அமர்வுக்கு நூறு டாலருக்கு மேல், பெருநகரங்களில் இருநூறுக்கும் மேல். அந்தப் பட்டியல், நம் ரேஷன் கடையில் எழுதிப்போட்ட விலைப்பலகை மாதிரி: எல்லாப் பொருளுக்கும் விலை இருக்கும், பொருள் இருக்காது. இதற்கு அங்கே ‘பேய்ப் பட்டியல்’ என்றே பெயர். 2023இல் செனட் நிதிக் குழு அலுவலர்கள் முதியோர் காப்பீட்டுத் திட்டங்கள் பன்னிரண்டை எடுத்து, நோயாளியின் உறவினர்போல 120 எண்களை அழைத்துப் பார்த்தார்கள். பட்டியலில் இருந்தவர்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கிடைக்கவில்லை, அல்லது ஏற்கவில்லை. அது முதியோர் கணக்கு. குழந்தைகளுக்கு நிலைமை இதைவிடக் கடினம், ஏனென்றால் அந்நாட்டு மாவட்டங்களில் பத்தில் ஏழில் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவர்கூட இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. உடல்நோய்க்குத் தருகிற அதே அளவு மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2008இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் தரும் கட்டணம் குறைவு, நிரப்ப வேண்டிய படிவம் அதிகம் என்பதால் மருத்துவர்களே அந்த வலையிலிருந்து விலகிக்கொள்கிறார்கள். ரொக்கம் தரக்கூடியவர்களே அவர்களுக்குப் போதுமான அளவு வரிசையில் நிற்கும்போது, அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

கடைசியில் அந்தத் தாய் மகனை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே சேர்க்கப் படுக்கை இல்லை. கயிறும் கூர்மையான பொருளும் அகற்றப்பட்ட அறையிலோ, நடைவழியில் போட்ட தள்ளுகட்டிலிலோ, காவலாளி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பையன் நாள் கணக்கில் கிடக்கிறான். சிகிச்சை என்று ஒன்றும் நடப்பதில்லை, காத்திருப்பு மட்டுமே. 2021 அக்டோபரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் சேர்ந்து இதைத் தேசிய அவசரநிலை என்று அறிவித்தன.

இப்போது மறுபக்கம். ஒவ்வொரு பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் ஒரு வாக்கியம் கேட்கும்: பிரச்சினை துப்பாக்கி அல்ல, மனநோய். இந்த வாக்கியத்தைச் சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அது உண்மையில்லை. ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் நெடுங்காலமாக ஆராய்ந்து சொல்லிவருவது இது: தீவிர மனநோய் முழுவதையும் ஒரே நாளில் குணப்படுத்திவிட்டாலும், மனிதர் மீது மனிதர் செய்யும் வன்முறையில் சுமார் நான்கு விழுக்காடுதான் குறையும். மனநோயாளிகள் அடிக்கிறவர்களாக இருப்பதைவிட அடிபடுகிறவர்களாக இருப்பதே அதிகம். இரண்டாவது காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

அப்படியானால் மனநலத்துக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, தொலைக்காட்சி காட்டாத இடத்தில். 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 46,700 பேர். அவர்களில் 27,300 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பள்ளிக்கூடச் சூடுகளில் இறந்தவர்கள் இந்த எண்ணுக்கு முன்னால் சிறு துளி. ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களின் மரணக் காரணங்களில் 2020இல் சாலை விபத்தைத் தாண்டித் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது. துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்துவிடுகிறார்கள். மாத்திரையை விழுங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. பதின்பருவத்தில் அந்த எண்ணம் பல நேரங்களில் சில நிமிடங்களே உச்சத்தில் நிற்கிறது. அந்தச் சில நிமிடத்தில் பெற்றோரின் மேசை இழுப்பறையில் என்ன இருக்கிறது என்பதே மிச்சத்தைத் தீர்மானிக்கிறது. மனச்சோர்வு எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் வருகிறது. இழுப்பறைதான் நாட்டுக்கு நாடு வேறு.

இதை நமக்கு அருகிலேயே ஒரு நாடு மெய்ப்பித்திருக்கிறது. 1990களின் நடுவில் இலங்கையில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. 1995இல் லட்சத்துக்கு 47 பேர். பெரும்பாலும் பூச்சிமருந்து. மிகக் கொடிய வகைகளை 1995 வாக்கில் தடைசெய்தார்கள், 1998இல் எண்டோசல்ஃபான், 2008 முதல் 2011க்குள் பாராகுவாட் உட்பட மேலும் மூன்று. இருபது ஆண்டுகளில் தற்கொலை மரணம் 70 விழுக்காடு குறைந்தது. மருந்தைக் குடித்து மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். துயரம் அப்படியே இருந்தது. குடித்தவர்கள் பிழைத்தார்கள். அமெரிக்காவில் துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கச் சொல்லும் மருத்துவர்கள் இந்த இலங்கைக் கணக்கை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் 2011இல் ஃப்ளோரிடா என்ன செய்தது தெரியுமா? வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று மருத்துவர் நோயாளியிடம் கேட்பதையே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. 2017இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது.

உதவியும் துப்பாக்கியும் ஒரே காலையில் ஒரே அறையில் சந்தித்த ஊர் ஒன்று உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு. 2021 நவம்பர் 26, நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள் தள்ளுபடி வியாபாரம். தந்தை பதினைந்து வயது மகனுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்குகிறார். 29ஆம் தேதி பையன் வகுப்பில் கைப்பேசியில் தோட்டா தேடுவதை ஆசிரியர் பார்த்துவிடுகிறார். பள்ளி தாய்க்குத் தகவல் சொல்ல, தாய் மகனுக்குச் செய்தி அனுப்புகிறார்: கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று. 30ஆம் தேதி காலை, கணக்குத் தாளில் துப்பாக்கி, ரத்தம் என்று படங்கள், பக்கத்தில் எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்ற வாசகம். பெற்றோரை அழைத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் ஆலோசகரிடம் கூட்டிப்போகச் சொன்னது பள்ளி. வேலை இருக்கிறது என்று பெற்றோர் கிளம்பிவிட்டார்கள். புத்தகப் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது. அன்று பையன் பள்ளியில் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள்.

அந்தப் பையன் தன் குறிப்பேட்டில், தன் மனப் பிரச்சினைக்கு எந்த உதவியும் இல்லை என்று எழுதியிருந்ததாக வழக்கில் காட்டினார்கள். கேட்ட உதவி கிடைக்கவில்லை. நான்கு நாளுக்கு முன் துப்பாக்கி கிடைத்தது. 2024இல் தாய், தந்தை இருவருமே கொலைக்குற்றம் ஆகாத மரணத்துக்குப் பொறுப்பானவர்கள் என்று தீர்ப்பாகி, பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறைக்குப் போனார்கள். பள்ளிச் சூட்டில் பெற்றோருக்கு இத்தகைய தண்டனை அந்நாட்டில் அதுவே முதல்முறை. தீர்ப்பைப் பலர் கொண்டாடினார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் இரண்டு பேரைச் சிறையில் அடைப்பதற்கு அரசு செய்யும் செலவில் அந்தப் பள்ளி வட்டாரத்துக்கு எத்தனை ஆலோசகரை வைக்கலாம் என்று யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்பது பள்ளி ஆலோசகர்கள் சங்கத்தின் பரிந்துரை. நாட்டின் சராசரி 370ஐத் தாண்டுகிறது. அவர்களுடைய நேரத்தில் ஒரு பகுதி கல்லூரி விண்ணப்பத்துக்கும் போய்விடுகிறது.

எல்லாவற்றுக்கும் மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதும் இல்லை. தெருச் சண்டையிலும் பழிவாங்கலிலும் சாகிற இளைஞர்களில் கறுப்பினப் பிள்ளைகளின் பங்கு மிக அதிகம். அவர்கள் பக்கம் கேமரா அதிகம் திரும்புவதில்லை. சிகாகோவில் ‘யூத் கைடன்ஸ்’ என்ற அமைப்பு ‘பிகமிங் எ மேன்’ என்று ஒரு திட்டம் நடத்துகிறது. வாரத்துக்கு ஒருமுறை, பள்ளி நேரத்திலேயே, பத்துப் பன்னிரண்டு பையன்கள் வட்டமாக உட்காருவார்கள். முதல் நாள் விளையாட்டு இது. இரண்டு பேராகப் பிரிந்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, மற்றவனிடம் சொல்வார்கள்: முப்பது நொடிக்குள் அவன் கைமுட்டியிலிருந்து அதை வாங்கு. பையன்கள் கட்டிப் புரள்வார்கள், விரலை முறுக்குவார்கள், கடிக்கவும் போவார்கள். முடிந்ததும் ஆலோசகர் கேட்பார்: “தரச் சொல்லி ஒருத்தனாவது கேட்டுப் பார்த்தீங்களாடா?” கேட்டால் கோழை என்று நினைத்திருப்பான் என்பான் ஒருவன். எதிராளியைக் கேட்டால், “கேட்டிருந்தா குடுத்திருப்பேன், வெறும் பந்துதானே” என்பான்.

இதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் குற்ற ஆய்வகம் குலுக்கல் முறையில் இரண்டு முறை சோதித்துப் பார்த்தது. திட்டத்தில் இருந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது. ஒரு பையனுக்கு ஆண்டுச் செலவு 2,000 டாலருக்கும் கீழே. திட்டம் முடிந்தபின் கைது விஷயத்தில் அந்தப் பலன் நீடிக்கவில்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். மருந்துபோல, நிறுத்தினால் நின்றுவிடுகிறது. தொடர்ந்து கொடுக்க வேண்டும், அதற்குத் தொடர்ந்து பணம் வேண்டும்.

இங்கேதான் என் கோபத்தின் இரண்டாவது காரணம் வருகிறது. பிரச்சினை மனநோய்தான் என்று சொல்பவர்கள் மனநோய்க்காவது பணம் கொடுக்க வேண்டும் அல்லவா? 2022 மே 24இல் டெக்சாஸின் உவால்டியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, சுட்டவன் பதினெட்டு வயது முடிந்த சில நாளிலேயே சட்டப்படி கடையில் வாங்கிய துப்பாக்கியோடு வந்தவன். மனநலப் பிரச்சினை என்றார் ஆளுநர். அதற்கு முந்தைய மாதம்தான் மனநலத்தைக் கவனிக்கும் துறையிலிருந்து 21 கோடி டாலரை எல்லைப் பாதுகாப்புக்குத் திருப்பியிருந்தார்கள். உவால்டிக்குப் பிறகு இரு கட்சிகளும் சேர்ந்து 2022 ஜூனில் சட்டம் கொண்டுவந்து, பள்ளிகளில் ஆலோசகர்களை நியமிக்கவும் பயிற்றுவிக்கவும் நூறு கோடி டாலர் ஒதுக்கின. அபூர்வமான ஒற்றுமை. 2025 ஏப்ரலில் புதிய நிர்வாகத்தின் கல்வித் துறை, அந்த மானியங்களில் ஏறத்தாழ நூறு கோடியை இடையிலேயே நிறுத்துவதாகக் கடிதம் அனுப்பியது. மாநிலங்கள் வழக்குக்குப் போயின. நடுவாண்டில் வேலை போன ஆலோசகரிடம் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு வழக்கு விவரம் எதற்கு?

இனி ஒரு தந்தையைப் பற்றிச் சொல்லிவிட்டு என் உரையை நிறுத்திக்கொள்கிறேன்.

வர்ஜீனியா மாநில செனட்டர் கிரீ டீட்ஸ். மலைநாட்டுக்காரர், வேட்டையாடும் மரபில் வந்த ஜனநாயகக் கட்சிக்காரர். 2005இல் தலைமை வழக்கறிஞர் தேர்தலில் அவர் நின்றபோது, தேசியத் துப்பாக்கிச் சங்கம் குடியரசுக் கட்சிக்காரரை விட்டுவிட்டு இவரை ஆதரித்தது. மகன் கஸ் டீட்ஸ், 24 வயது, பாட்டிலும் வாத்தியத்திலும் கெட்டிக்காரர், மனநோயால் அவதிப்பட்டவர். 2013 நவம்பர் 18இல் டீட்ஸ் நீதிமன்ற உத்தரவு பெற்று மகனைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலைதான். ஆனால் சட்டப்படி ஆறு மணி நேரத்துக்கு மேல் தடுத்துவைக்க முடியாது, அதற்குள் படுக்கை எங்கும் கிடைக்கவில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை மகன் தந்தையின் முகத்திலும் மார்பிலும் கத்தியால் குத்திவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். எட்டும் தூரத்தில் சில மருத்துவமனைகளில் படுக்கை இருந்தது என்று பின்னால் தெரிந்தது.

அவர் செனட்டர். நீதிபதியையும் மருத்துவரையும் கேட்கத் தெரிந்தவர். அவருக்கே இந்தக் கதி.

முகத்தில் தழும்போடு டீட்ஸ் 2014 கூட்டத்தொடருக்குத் திரும்பினார். நேர வரம்பை எட்டு மணியாக்கி, வேறெங்கும் இடம் கிடைக்காவிட்டால் அரசு மருத்துவமனை சேர்த்தே தீர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். அடுத்த பல ஆண்டுகள் மாநிலத்தின் மனநலச் சீர்திருத்தக் குழுவை நடத்தினார். அந்தச் சட்டத்தால் அரசு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. படுக்கையை உத்தரவு போட்டு உருவாக்க முடியாது என்பதை அவரே பார்த்தார். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அவர் மனம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 2020இல் ஆபத்தான மனநிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையால் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் சட்டத்துக்கு அவர் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார். அதே ஆண்டு ராணுவ ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் மசோதா குழுவுக்கு வந்தபோது, அதைத் தள்ளிவைத்த நான்கு ஜனநாயகக் கட்சியினரில் ஒருவராக இருந்தார். 2024இல் அதே தடையைச் செனட்டில் முன்மொழிந்தவரே கிரீ டீட்ஸ்தான். இரு அவைகளிலும் நிறைவேறியது. மாநில மனநலச் சேவைக்கென்று பெரிய திட்டம் அறிவித்துப் பணமும் ஒதுக்கிய ஆளுநர் கிளென் யங்கின் அந்த மார்ச்சில் அதை ரத்து அதிகாரத்தால் திருப்பி அனுப்பினார்.